பக்கத்து சீட்டில் சிங்கவரம் வரை

இந்த மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை செஞ்சிக்குப் போனேன். கோட்டை பார்க்க அல்ல. இரண்டு வருடங்களுக்கு முன் நான் விற்ற கார் அங்கே இருக்கிறது. திரும்பக் கேட்டுப் பார்க்கலாம் என்று எண்ணம். பிரிட்டனில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார், திறந்த கூரை, இரண்டே சீட். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பின்னூட்டத்தில் விலை விசாரிப்பீர்கள்.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலை பஸ் பிடித்தேன். செஞ்சிக்கு மூன்றரை மணி நேரம். பக்கத்தில் கடைசிவரை யாரும் உட்காரவில்லை. இதே சாலையில் நானும் என் மனைவி வசந்தாவும் அந்தக் காரில் பன்னிரண்டு வருடம் போய் வந்திருக்கிறோம். மழை வந்தால் கூரையை மாட்டப் பத்து நிமிடம் ஆகும். மாட்டி முடிப்பதற்குள் மழை நின்றுவிடும். நனைந்த தலையோடு சிரித்துக்கொண்டே கிளம்புவோம். டீக்கு நிறுத்தினால் கூட்டம் கூடிவிடும். ஒருமுறை வல்லத்தில் ஒரு அம்மா, "இன்னாம்மா, பின்னாடி சீட்டே இல்ல? புள்ளைங்கள எங்க உக்கார வெப்பீங்க?" என்று கேட்டார். "நாங்க ரெண்டே பேர்தாம்மா" என்றாள் வசந்தா.

அவள் இறந்த மூன்றாம் மாதம் காரை விற்றேன். ஷெட்டில் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இப்போது காலி ஷெட்டையும் பார்க்கச் சகிக்கவில்லை.

வாங்கியவர் சேகர், கல்யாண மேடை அலங்காரம் செய்பவர். மாப்பிள்ளை அழைப்புக்குக் காரை வாடகைக்கு விடுகிறார். பானெட்டில் சாமந்தி இதழ்கள் ஒட்டியிருந்தன.

"இன்னா சார், இப்டி எளச்சிட்டீங்க? வண்டி நல்லா இருக்குது பாருங்க. ஏறுங்க, சிங்கவரம் வரிக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடலாம்."

பழக்கத்தில் வலது பக்கம் போனேன். அதற்குள் அவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவர் கார், நியாயம்தான்.

இடது பக்கம் ஏறினேன். பன்னிரண்டு வருடத்தில் அந்த சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. கால்மாட்டில் இன்ஜின் சூடு, முகத்தில் நேராக அடிக்கிற காற்று. ஆனால் ரோட்டைப் பார்க்கிற வேலை இல்லை. தாழ்வான கதவுக்கு மேலே செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலை, உச்சி மண்டபம்வரை, முழுசாகக் கூடவே வந்தது. இத்தனை நாளும் இதே ரோட்டில் எனக்குக் கிடைத்தது முன்னால் போகிற லாரியின் முதுகு. "அங்க பாருங்களேன்" என்பாள் வசந்தா. நான் திரும்புவதற்குள் அது போயிருக்கும். என்ன பார்த்தாள் என்று அவளே சொல்லிக்கொண்டு வருவாள். எனக்குத் தெரிந்த செஞ்சியில் பாதி அவள் சொல்லிக் கேட்டதுதான்.

வேர்க்கடலைக் கொல்லை நடுவில், ஒரு பாறை மேல் மயில் நின்றது.

"அங்க பாரேன்" என்றேன், என்னை அறியாமல்.

"இன்னா சார்?" சேகர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்ணுமில்ல."

காரைத் திரும்பக் கேட்கவில்லை. வாங்கினால் ஓட்டப்போவது நான்தான். அந்த சீட் காலியாகவே இருக்கும்.

செஞ்சி போகிறவர்களுக்கு: பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டை சுமார் இரண்டு கிலோமீட்டர், ஆட்டோ கிடைக்கும். வெயில் ஏறுவதற்குள் மலை ஏறிவிடுங்கள், தண்ணீரை மறக்காதீர்கள். அமாவாசை அன்று போகாதீர்கள், மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடமிருக்காது. காரில் இருவராகப் போனால், பக்கத்தில் இருப்பவர் எதையாவது காட்டும்போது வண்டியை ஓரம்கட்டிவிட்டுப் பாருங்கள்.