கருவாட்டு ஊரில் பத்தியம்

மகளுக்கு முதல் பிரசவம். மலேசியாவில், மாசாயில் இருக்கும் நம் வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்டால்தானே! மாப்பிள்ளை வெள்ளைக்காரர், மீன் பிடிக்கிறவர். நார்வேயின் வட கோடியில், கடலோரத்தில் ஒரு குட்டி ஊர். சரி, அவள் வராவிட்டால் நான் போகிறேன் என்று பூண்டு, பெருங்காயம், நல்லெண்ணெய், பத்தியக் குழம்புக்கு மெர்சிங் கடற்கரைக் கருவாடு எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு விமானம் ஏறினேன்.

போய் இறங்கினால் ஊரே கருவாடு. தலை வேறு, உடல் வேறாக, வீட்டைவிட உயரமான மரச்சட்டங்களில் மீன் தொங்குகிறது. அதைப் பார்க்கத்தான் சுற்றுலாக்காரர்கள் வருகிறார்களாம்! மாப்பிள்ளை என்னையும் பெருமையாக அழைத்துப்போய்க் காட்டினார். அப்புறம் ஒரு கலங்கரை விளக்கம். அப்புறம் மறுபடியும் மீன். வானத்தில் பச்சை வெளிச்சம் வரும் என்றார். நான் இருந்தவரைக்கும் மேகம்தான் வந்தது. என் பெட்டியைத் திறந்து பார்த்து மகள் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பேரன் பிறந்தான். பிள்ளை பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் காற்றுப் படக்கூடாது என்று ஜன்னல் இடுக்கிலெல்லாம் துணியை அடைத்து வைத்தேன். ஒருநாள் மதியம் குளித்துவிட்டு வந்தால் தொட்டிலில் பிள்ளையைக் காணோம். எட்டிப் பார்க்கிறேன், வாசலில் பனிக்கு நடுவே தள்ளுவண்டியில் கிடக்கிறான்.

"ஐயோ, பிள்ளைய வெளிய போட்டுட்டு என்னடி பண்றே?"

"தூங்க வச்சிருக்கோம்மா. இங்க எல்லாரும் இப்படித்தான் செய்வாங்க. கம்பளி போத்தியிருக்கு லா."

"எல்லாரும் மீனக் காயப்போடுறாங்க. நீ பிள்ளையக் காயப்போடுறியா?"

செருப்போடு பனியில் ஓடிப்போய் அவனை உள்ளே தூக்கி வந்தேன். ஹீட்டரைக் கூட்டி வைத்தேன். சாம்பிராணி போட்டேன், கூரையில் இருந்த புகை மணி வீடே அதிர அலறியது. அதற்குமேல் அவன் அலறினான். அன்று முழுக்க அழுதான், மறுநாளும் அழுதான். நான் விடவில்லை.

மகள் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சுவரில் சாய்ந்து நின்றபடி மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க உள்ள தூக்கிட்டு வந்ததிலேருந்து அவன் தூங்கலம்மா. நானும் தூங்கல."

அவள் கண்ணைப் பார்த்தேன். குழி விழுந்திருந்தது. பிள்ளையைக் கம்பளியில் சுற்றி எடுத்துப்போய் நானே அந்த வண்டியில் கிடத்தினேன். அழுடா, நன்றாக அழு, அப்போதுதான் உன் அம்மாவுக்குப் புத்தி வரும் என்று மனதுக்குள் சொன்னேன். அவனோ கொட்டாவி விட்டான். மீன் வாடையடித்த அந்தப் பாழாய்ப்போன காற்றில் மூக்கை நீட்டிக்கொண்டு தூங்கிப்போனான்.

உள்ளே வந்தால் மகளும் சோபாவிலேயே தூங்கிவிட்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் அத்தனை தூரம் போனேன். செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. மாப்பிள்ளையின் பெரிய கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய், பல்லைக் கடித்தபடி பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றேன்.