தோரேகாவின் சிவப்பு ஸ்கூட்டர்

கிரிபாஸ் என்ற தீவு நாட்டின் வெளியுறவுத் துறையில் அணு ஆயுத ஒழிப்புப் பிரிவு என்று ஒன்று உண்டு. அதன் இயக்குநர், துணை இயக்குநர், தட்டச்சர், நின்றுபோன மின்விசிறியைத் தட்டி ஓடவைப்பவர் எல்லாம் தோரேகா என்ற ஒரே பெண்மணிதான். காலையில் உலகத்துக் குண்டுகளை ஒழிப்பார். மதியத்துக்கு மேல் பாஸ்போர்ட் விண்ணப்பங்களுக்குப் படம் ஒட்டுவார். இரண்டில் பாஸ்போர்ட் வேலைதான் சீக்கிரம் முடிகிறது என்பது அவருடைய அனுபவம்.

இந்த வேலைக்கு அவர் வந்ததற்கு அவருடைய அப்பா காரணம். சிறுவயதில் எங்கள் நாட்டுக் கிறிஸ்துமஸ் தீவில் கொப்பரை காயவைத்துக்கொண்டிருந்தவர் அவர். வெள்ளைக்காரர்கள் குண்டு வெடித்துப் பார்க்க வந்தபோது ஆளுக்கொரு கம்பளி கொடுத்து, தலையோடு போர்த்திக்கொண்டு, வெடிக்கும் திசைக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னார்களாம். அப்பா எப்போது இந்தக் கதையைச் சொன்னாலும் "அப்புறம் கம்பளியத் திருப்பி வாங்கிட்டானுங்க" என்றுதான் முடிப்பார். குண்டு வெடித்ததைக்கூடத் தோரேகா ஒரு பக்கமாக வைத்துப் பேசுவார். கம்பளி விஷயம்தான் அவருக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஆறாததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் சொந்தபந்தம் வாய்விட்டு ஒன்றைக் கேட்டுவிட்டால் தந்தே ஆக வேண்டும். அப்படிக் கேட்பதற்குப் புபுசி என்று பெயர். 'இல்லை' என்று சொன்னவர் மனிதர் முகத்தில் விழிக்க முடியாது. அதே சமயம், இன்றைக்குக் கேட்டவரிடம் நாளைக்கு நாமும் கேட்கலாம். தோரேகாவின் ஐஸ்பெட்டி மச்சான் வீட்டில் இருக்கிறது. மச்சானுடைய படகு எஞ்சின் தோரேகா வீட்டில் இருக்கிறது. யாரிடமும் படகில்லை.

அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே ஆடம்பரம் ஒரு சிவப்பு ஸ்கூட்டர். கண்ணில் பட்டால் கேட்டுவிடுவார்களே என்று, அலுவலகத்துக்குப் பின்னால் தாழம்பாய் போட்டு மூடித்தான் நிறுத்துவார்.

அணுகுண்டே கூடாது என்று சின்னத் தீவு நாடுகள் எல்லாம் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் மாநாடு எங்கள் தலைநகர் தராவாவில் நடந்தது. கூட்டியவர் தோரேகா. வந்தவர்களில் பிடிகொடுக்காதவர் ஒருவர்தான்: அண்டைத் தீவு நாட்டு அமைச்சர் பெனிதுசி. அவருடைய தாய் தோரேகாவின் தீவைச் சேர்ந்தவர். ஆகவே உறவு. ஆகவே கேட்கலாம். கையெழுத்தை விமான நிலையத்திலேயே கேட்டுவிடுவது என்று தோரேகா பூமாலையோடு போய் நின்றார்.

"அக்கா! என்ன இப்படி இளைச்சுட்ட? குண்டைப் பத்தியே நினைச்சு உருகிட்டியா?" என்றார் பெனிதுசி.

"நீ மட்டும் நல்லா ஊதியிருக்க தம்பி. மந்திரி வீட்டுச் சாப்பாடு."

"நீ வாயத் திறக்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேட்டுக்கறேன்."

"கேளேன்."

"மாநாடு முடியற வரைக்கும் நீ என்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது."

தோரேகா மாலையைச் சற்று இறுக்கமாகவே போட்டார். வேறு என்ன செய்வது? கேட்டுவிட்டான். "தந்தேன்டா, பாவி" என்றார்.

"கோவிச்சுக்காதக்கா. கையெழுத்துப் போடலைன்னா எனக்கு ரோந்துப் படகு தரேன்னு பெரிய நாட்டுக்காரங்க சொல்லியிருக்காங்க. என் கடல்ல மீன் திருடறவன நான் நீந்திப் போயா புடிக்கறது?"

அந்தப் பெரிய நாட்டின் தூதரும் பார்வையாளராக வந்திருந்தார். எந்தப் பெரிய நாடு என்று எழுதினால், எங்களை ஏன் விட்டீர்கள் என்று மற்றப் பெரிய நாடுகள் வருத்தப்படும். தமக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றார் தூதர். மொழிபெயர்ப்புப் பிரிவுக்கும் தோரேகாதான் இயக்குநர்.

விருந்துக்குப் போகும் வழியில் தூதர் கேட்டார். "உங்க ஊர்ல கேட்டா மறுக்கவே மாட்டீங்களாமே?"

"மாட்டோம் சார். ஆனா கேட்டவர்கிட்ட மத்தவங்களும்..."

"பிரமாதம்!" என்றார் தூதர். தோரேகா இன்னொரு முறை ஆரம்பித்தார். தூதர் அதற்குள் கார் ஜன்னல் வழியே கடலை ரசிக்கத் தொடங்கியிருந்தார்.

மனியாபாவில் விருந்து. ஊர்க்கூட்டமும் விருந்தும் அந்தப் பெரிய கூரைக்கடியில்தான். சம்மணம் போட்டு உட்கார்ந்த விருந்தாளிகளின் தலையில் வழக்கப்படி பூவளையம் வைத்து, கழுத்தில் முகப்பவுடர் கொட்டினார்கள். மீனும் சேப்பங்கிழங்கும் பதநீர்ப் பாகும் ஒரு சுற்று வந்ததும் தூதர் எழுந்தார். நெஞ்சில் கைவைத்து, "நான் உங்கள் உறவினன். பெனிதுசியிடம் ஒன்று கேட்கிறேன். இதில் கையெழுத்துப் போட வேண்டாம்" என்றார்.

மொழிபெயர்க்க வேண்டியவர் தோரேகா. ஒரு சொல்லை மாற்றினால் போதும், கேட்க ஆளில்லை. ஆனாலும் அவர் அப்படியே சொன்னார். பெனிதுசி தலை குனிந்தார்.

"தந்தேன்."

போயிற்று. கம்பளிக்காரர்களே மறுபடியும் ஜெயித்தார்கள் என்று நினைத்துத் தோரேகா பாயைப் பார்த்தார். அப்போது எதிர் வரிசைப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"அப்போ இவரும் நம்மாளு ஆயிட்டாரு! மாப்ள, அந்தக் கறுப்புக் கண்ணாடி எனக்கு எடுப்பா இருக்கும். குடேன்."

தூதர் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். கைதட்டல். பக்கத்துப் பெண்மணி குடையைக் கேட்டார். கொடுத்தார். இன்னொருவர் வாசலில் அவர் கழற்றிவிட்டிருந்த ஷூவைக் கேட்டார். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது, ஆனாலும் கொடுத்தார். கடைசியாகப் பெனிதுசி தலையை நிமிர்த்தினார்.

"மச்சான், என் முறை. நீங்க கேட்டீங்க, நான் குடுத்தேன். உங்ககிட்ட இருக்கற குண்டெல்லாம் எனக்குக் குடுங்க."

மனியாபாவே குலுங்கிச் சிரித்தது. தோரேகா மிகுந்த மரியாதையோடு மொழிபெயர்த்தார்.

"அது... முடியாதே" என்றார் தூதர்.

"பாதி குடுத்தாலும் போதும். சொந்தத்துக்குள்ள என்ன பேரம்?"

"இல்லை. அது நடக்காது."

'இல்லை' என்ற சொல்லைத் தோரேகா மொழிபெயர்க்கவே இல்லை. அதற்குள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பெரியவர், கண்ணாடியைக் கழற்றாமலே, உச்சுக்கொட்டினார்.

"அப்போ நாம சொந்தமில்ல மச்சான்" என்றார் பெனிதுசி. "நான் குடுத்ததும் செல்லாது." எழுந்துபோய்க் கையெழுத்துப் போட்டார்.

"படகு?" என்று காதில் கேட்டார் தோரேகா.

"வந்திருந்தாலும் என் மச்சினன் ஒரே வாரத்துல கேட்டு வாங்கிட்டுப் போயிருப்பான். விடுக்கா."

மறுநாள் விமான நிலையத்தில் தோரேகா கேட்டார். "மாநாடு முடிஞ்சுதா தம்பி?"

"முடிஞ்சுது." சொன்ன பிறகுதான் பெனிதுசிக்கு உறைத்தது. விமானம் எங்கே என்று பார்த்தார். வரவில்லை.

"உன் சகலை தெக்குத் தீவுல பிரதமராமே? அந்தாளு மாநாட்டுப் பக்கமே தலைகாட்டல. நீ போய்க் கையெழுத்து கேக்கணும்."

"தந்தேன்க்கா" என்று பெருமூச்சு விட்டவர், மெதுவாகக் கண்ணடித்தார். "ஆமா, உன் ஆபீசுக்குப் பின்னாடி பாய்க்கு அடியில என்னமோ சிவப்பாத் தெரிஞ்சுதே?"

தோரேகா சாவியை எடுத்துக் கொடுத்தார். ஸ்கூட்டர் அடுத்த கப்பலில் போனது.

வீட்டுக்கு மினிபஸ்ஸில் வந்தார். பாட்டுச் சத்தத்துக்கு மேலே சித்தி மகன் கத்தினான். "ஸ்கூட்டர் எங்கக்கா?"

"குடுத்துட்டேன். பதிலுக்கு ஒரு நாடு வருது!"

அவன் கொஞ்சம் யோசித்து, அவர் மடியைப் பார்த்தான்.

"அப்ப அந்த ஹெல்மெட்டு சும்மாதானே இருக்கு? குடேன்."