காதில் வைத்துப் பார்த்து வாங்கிய காலம்

நான்கு நாளாக ஒரு பாட்டுப் பெட்டி தேடிக்கொண்டிருக்கிறேன். கைக்குள் அடங்க வேண்டும், பாட்டைத் தவிர வேறு வேலை தெரியாததாக இருக்க வேண்டும். கைப்பேசி போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ஆலாபனை உச்சத்துக்கு ஏறும்போது கேஸ் சிலிண்டர் பதிவாகிவிட்டது என்று குறுஞ்செய்தி வந்து மணியடித்தால் எனக்குக் கோபம் வருகிறது. வயதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பெங்களூரில் இருக்கும் மகள் ஏழு பெட்டிகளின் விவரம் அனுப்பி, "படிச்சுப் பாத்து நீயே முடிவு பண்ணும்மா" என்று சொல்லிவிட்டாள். படித்தேன். பதினாறு பிட், இருபத்துநாலு பிட் என்று போட்டிருக்கிறது. எனக்குத் தெரிந்த பிட் பரீட்சை ஹாலில் பக்கத்து பெஞ்சுக்காரி அடித்ததுதான். சரி, வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தால், ஒருவர் தேவலோகம் என்கிறார், அடுத்தவர் தகர டப்பா என்கிறார். இருவரும் வாங்கியது ஒரே பெட்டி.

அலுத்துப்போய், மகள் விட்டுப்போன பழைய ஹெட்போனை எடுத்துப் பார்த்தேன். காதில் படும் பஞ்சு பொடிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. எடுத்து முகர்ந்தேன். சிரிக்காதீர்கள். தலை எண்ணெயும் ரப்பரும் கலந்த அந்த வாசனைக்குள் நான் மூன்றரை வருடம் வேலை பார்த்திருக்கிறேன்.

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டேப் ரெக்கார்டர் கடை. எனக்கு அப்போது இருபத்தோரு வயது. வேலைக்கு ஆள் தேடிய முதலாளி என் அப்பாவிடம், "பொண்ணுக்குப் பாட்டு தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். மாதா கோயில் பாட்டுக்குழுவில் பாடுகிறாள் என்று அப்பா சொல்ல, அதுவே தகுதியாகிவிட்டது. நான் பூசையில், முதல் குரலுக்கு அடியில் ஒட்டிப் போகும் இரண்டாம் குரல் பாடுகிறவள். இரண்டாம் குரல் இருப்பதே யாருக்கும் தெரியாது. நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். இதையெல்லாம் அப்பா முதலாளியிடம் சொல்லவில்லை.

கண்ணாடி மேஜைக்குப் பின்னால் நின்று, வருகிறவர்களுக்கு வாக்மேன் காட்டுவது என் வேலை. கேசட் போட்டு, ஹெட்போனைக் கொடுத்து, சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக் காட்ட வேண்டும். சாயங்காலம் ஈரத் துணியால் ஹெட்போன் பஞ்சைத் துடைத்து வைக்க வேண்டும். ஒன்றில் டீசல் மணக்கும், ஒன்றில் கனகாம்பரத்தின் காவி நிறம் ஒட்டியிருக்கும். வந்துபோன ஊரையே துடைப்பது போல இருக்கும்.

வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பெட்டியின் நிறத்தைப் பார்த்து வாங்கினார்கள். மீதிப் பேர் அக்கா மகன் எதை வாங்கினானோ அதை வாங்கினார்கள். காதால் கேட்டு வாங்கியவர் என்றால் எனக்கு ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார். பழனியப்பன் அண்ணன்.

அவர் திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் வண்டியில் துளை போடும் டிரில்லர். அந்த வண்டிகள் வருடம் முழுக்க வடக்கே எங்கெங்கோ போர் போட்டுக்கொண்டிருக்கும், அங்கே மழை பிடித்ததும் ஆட்கள் ஊர் திரும்புவார்கள். அதனால் அவர் கடைக்கு வருவது ஆடியில்தான். சட்டைப்பையில் சொந்தக் கேசட் ஒன்று இருக்கும். ஏதோ ஒரு கோயில் திருவிழாவில் பதிவு செய்த நாதஸ்வரக் கச்சேரி.

"ஏனுங்க அம்மிணி, உங்க கேசட்டு வேண்டாமுங்க. இதப் போடுங்க."

நாலு வாக்மேனை வரிசையாக வைத்து, ஒரே இடத்தை நாலிலும் கேட்பார். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குகிற இடம் அது. முதல் பெட்டியைத் தள்ளி வைத்து, "இது இரையுதுங்க" என்பார். இரண்டாவதைக் கேட்டுவிட்டு, "இதுல தவுலு சாக்குக்குள்ள இருக்குதுங்க" என்பார். அவர் போன பிறகு கடையின் நாதஸ்வரக் கேசட்டைப் போட்டு நானும் கேட்டுப் பார்ப்பேன். ஆமாம், தவில் சாக்குக்குள்தான் இருக்கும். அதுவரை எனக்குத் தெரியாமல் போனதற்காக என் மீதே எரிச்சல் வரும்.

அடுத்த ஆடிக்கு வந்தபோது, முந்தின வருடம் வாங்கிப்போன வாக்மேனில் சத்தம் குறைந்துவிட்டது என்றார். நான் கேட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. புதிதாக ஒன்று காட்டியபோது சத்தத்தைக் கடைசி வரை திருகினார். ஹெட்போனுக்கு வெளியே எனக்கே பாட்டு கேட்டது. வண்டிச் சத்தத்தில் நாள் முழுக்க நிற்கிறவர், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அந்த வயதில் எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் கையில் இருக்கும்.

மூன்றாம் ஆடியில் மனைவியையும் கூட்டி வந்தார். சரசக்கா, மெலிந்த ஆள், கடைக்குள் வந்தும் செருப்பை வாசலில் கழற்றலாமா என்று தயங்கியவர். நான் ஒரு புது வாக்மேனை அண்ணன் கையில் கொடுத்து, ஹெட்போனையும் கொடுத்தேன். அவருடைய கேசட்டை உறையிலிருந்து எடுக்கும்போது முதலாளி ஏதோ கேட்டார். திரும்பிப் பதில் சொன்னேன். அவ்வளவு நேரம்தான்.

மறுபடி பார்த்தபோது அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார். அவரே பட்டனை அழுத்தியிருக்கிறார். மோட்டார் சுற்றும் அதிர்வு உள்ளங்கையில் தெரிந்திருக்கும். விரல் மேஜைமேல் தாளம் போட்டது.

"சுத்தமா இருக்குதுங்க அம்மிணி. இரைச்சலே இல்ல. மூச்சு வாங்கறதுகூடத் தனியாக் கேக்குது."

கேசட் என் கையில் இருந்தது.

சரசக்கா என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "கேசட்டு இன்னும் போடலீங்கண்ணா" என்று நான் சொல்லியிருக்கலாம். கடையில் இன்னும் மூன்று பேர் நின்றிருந்தார்கள், முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேசட்டை மெல்ல மேஜைக்குக் கீழே இறக்கினேன். மறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

"இதையே எடுத்துக்கறனுங்க" என்று சொல்லி ஹெட்போனைக் கழற்றி, தன் கேசட்டை எடுக்க அவர் மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் அந்தக் காலி இடத்தையே பார்த்தார். நான் கையை மேலே எடுத்துக் கேசட்டை நீட்டினேன். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

சரசக்கா மட்டும் ஒரு நிமிடம் நின்றார். "எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும் சாமி. டிரில்லருக்குக் காது போச்சுன்னா யாரு வேலை குடுப்பாங்க? அதான் ஊட்டுலகூட வாயத் தொறக்காம இருந்தோம்." அவரும் வேகமாகக் கணவர் பின்னால் போனார். அன்று மாலை பஞ்சு துடைக்கும்போது எனக்கு அழுகை வந்தது. என்ன தப்பு செய்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அவருடைய பொய்யை நானும் சேர்ந்து மறைக்கப் பார்த்ததுதான் உறுத்தியது. அதைவிட, அதை ஒழுங்காக மறைக்கவும் தெரியாமல் போனது உறுத்தியது.

இரண்டு வாரம் கழித்துச் சரசக்கா தனியாக வந்தார். அன்று வீட்டுக்குப் போய் அண்ணன் சாப்பிடவில்லையாம். மறுநாள் அவராகவே வாய் திறந்திருக்கிறார். போன சித்திரையில் வண்டியில் ஓர் ஆள் "நிறுத்து, நிறுத்து" என்று கத்தியது இவருக்குக் கேட்காமல், அவன் விரல் இரண்டு நசுங்கிப்போனதாம். எஞ்சின் சத்தத்தில் யாருக்கும்தான் கேட்காது என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். இவரால் விட முடியவில்லை.

"வண்டி மொதலாளியப் பாத்து, காது கேக்கலீங்க, இனி வாரலீங்கன்னு சொல்லிப்போட்டு வந்துட்டாரு. காது டாக்டருகிட்டயும் போனோம். எடது காது போச்சாம். வலது பாதி இருக்குதாம்." பிறகு, "உங்க மேல கோவமில்லீன்னு சொல்லச் சொன்னாரு சாமி" என்றார். அதைச் சொல்வதற்காகவே பஸ் ஏறி வந்திருந்தார்.

அடுத்த வருடம், ஆடி பிறப்பதற்கு முன்பே, இருவரும் வந்தார்கள். அண்ணன் நாமக்கல் பக்கம் உறவுக்காரர் கோழிப்பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வேலை நிதானம், யாரும் கத்த வேண்டியதில்லை என்றார். பழைய கேசட்டை என்னிடம் கொடுத்து, ஹெட்போனைச் சரசக்காவின் தலையில் தானே மாட்டிவிட்டார்.

"இவளுக்குத்தானுங்க. கேட்டுச் சொல்லட்டும், எது நல்லதுன்னு."

இந்த முறை கேசட்டைப் போட்டுவிட்டுத்தான் வேறு எதையும் பார்த்தேன். சரசக்கா அதுவரை ஹெட்போன் மாட்டியதே இல்லை. பாட்டு தொடங்கியதும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு மேலே பார்த்தார், ஓட்டுக்கு மேல் யாரோ வாசிக்கிறார்கள் என்பது போல. பிறகு திடீரென்று, ஹெட்போன் மாட்டியவர்கள் எல்லோரும் செய்வது போல, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்:

"ஏனுங்க! இதுல ஒருத்தரு இருமறாருங்க! கூட்டத்துல ஒக்காந்துட்டு!"

கடையே திரும்பிப் பார்த்தது. அண்ணன் சிரித்தார். இத்தனை வருடம் கேட்டும் அந்த இருமல் தன் காதில் விழவே இல்லையே என்று என்னிடம் ஆச்சரியப்பட்டார். அதைவிட எனக்குப் பட்டது வேறு. மனைவி கத்திச் சொன்னதால், என்ன சொன்னாய் என்று அவர் திரும்பக் கேட்க வேண்டியிருக்கவில்லை. "இன்னும் என்ன கேக்குது?" என்றார். சரசக்கா கத்திக் கத்திச் சொன்னார். குழந்தை அழுகிறது, யாரோ மணியடிக்கிறார்கள், தவில்காரர் வேகம் பிடிக்கிறார். நான் எடுத்து வைத்த மூன்று வாக்மேனிலும் கேட்டு, தடித்த கறுப்பு நிறத்து ஒன்றைச் சரசக்காவே தேர்ந்தெடுத்தார். எடுக்கச் சொல்லி நான் காட்டியது வேறு. அவர் எடுத்ததுதான் நல்லது என்று பிறகு கேட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அதற்கடுத்த தையில் எனக்குக் கல்யாணமாகி ஆத்தூர் போய்விட்டேன். அவர்களை மறுபடி பார்க்கவில்லை. சில வருடம் கழித்துச் சேலம் வந்து குடியேறியபோது கடையை மூடியிருந்தார்கள். இப்போது அங்கே செல்போனுக்கு உறை விற்கிறார்கள். முதலாளியும் இல்லை. கேசட் என்றால் பேத்தி என்னவென்று கேட்கிறாள்.

பஸ்ஸில் போனால் பத்துப் பேர் காதில் ஏதாவது மாட்டியிருக்கிறார்கள். அந்த முகங்களை உற்றுப் பார்த்தால் தப்பாக நினைப்பார்கள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். பாட்டு வந்து காதில் விழுகிற முதல் நொடியில் ஒரு மனிதரின் முகம் எப்படி மாறும் என்று எதிரில் நின்று பார்க்கிற வேலை ஒன்று இந்த ஊரில் இருந்தது. அந்த வேலை இப்போது யாருக்கும் இல்லை.