ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில்

என் மகளும் அவளுடைய கல்லூரிக் கூட்டாளிகள் இரண்டு பையன்களும் பழையபடி கனமான பாட்டுக்கே திரும்பப் போகிறார்கள் என்று தெரிந்த அன்று நான் சோறு வடிக்க மறந்துபோனேன். குழைந்த சோற்றைத் தின்றுகொண்டே அவள் மறுபடியும் சொன்னாள்.

"இனி கல்யாண ரிசப்ஷன் இல்லம்மா. மெலடி இல்ல. ஆரம்பிச்ச இடத்துக்கே போறோம்."

ஆரம்பித்த இடம் எனக்குத் தெரியும். டூம் மெட்டல் என்பார்கள். கிட்டார் கம்பிகளைத் தளர்த்தி, சுருதியைக் கீழே கீழே இறக்கி, பிணம் தூக்கிப் போகிறவர்களைவிட மெதுவாக நடக்கிற சங்கீதம். அவள் பேஸ் கிட்டார். அதை வாசித்த காலத்தில்தான் நோயில் விழுந்தாள். சாப்பிடவில்லை, குளிக்கவில்லை. ஒருநாள் அறையைப் பூட்டிக்கொண்டு, கூப்பிட்டதற்குப் பதில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்து கதவை நெம்பினார். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் மயங்கிக் கிடந்தாள். திருவனந்தபுரத்தில் வைத்தியம் பார்த்து, மாத்திரை எடுத்து, மெல்ல எழுந்தாள். பாட்டுக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள். ஒன்றை அடுத்து இன்னொன்று நடந்தால் முந்தையதுதான் காரணம் என்று ஆகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். டாக்டரிடம் தலையாட்டிவிட்டு வந்தேன். மனசு ஆட்டவில்லை.

அதன்பிறகு அவர்கள் களியக்காவிளைப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் சினிமாப் பாட்டு வாசித்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் வீட்டுக்கு வந்ததும் கிட்டாரைப் பெட்டியோடு அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிடுவாள். அடுத்த கல்யாணம் வரை தொடமாட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் எங்கள் ரப்பர் மர விளையின் மூலையில், ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்துகிற பழைய கட்டடம் ஒன்று உண்டு; புரை என்போம். இப்போது ரப்பரைப் பாலாகவே விற்றுவிடுவதால் அது சும்மா கிடந்தது. ஜன்னல் இல்லாத கனத்த சுவர். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று மூன்று பிள்ளைகளும் வாத்தியங்களை அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். உள்ளே போனதும் கதவை அடைத்துக்கொள்வார்கள். அந்தக் கதவு எனக்கு ஆகவில்லை.

சனிக்கிழமை சாயங்காலங்களில் விறகு பொறுக்குகிற சாக்கில் அந்தப் பக்கமே சுற்றினேன். உள்ளே டிரம்ஸும் பேஸும் சேர்ந்து ஓர் அடி விழும். மண்ணுக்குள் போய் என் காலில் ஏறும். பிறகு ஒன்றுமே இருக்காது. இனி வராது என்று நினைக்கும்போது அடுத்த அடி விழும். அப்படி ஒரு சனிக்கிழமை, அடுத்த அடி விழவே இல்லை. நின்றேன். இல்லை. விறகைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"ஏட்டி! மக்களே! கதவத் தொறட்டி!"

இரண்டு கையாலும் அடித்தேன். கதவு திறந்தது. டிரம்ஸ் வாசிக்கிறவன் குச்சியை உயர்த்தியபடி உட்கார்ந்திருந்தான். மகள் வேர்த்துப்போய், கம்பியில் கை வைத்தபடி நின்றாள்.

"என்னம்மா?"

"சத்தமே இல்லையே பிள்ளே."

"அதுதாம்மா பாட்டு! ரெக்கார்ட் பண்ணிட்டு இருக்கோம்!"

"ஆன்ட்டி, அடுத்த அடி நான் அடிக்க வேண்டியது. நீங்களே அடிச்சிட்டிய," என்றான் டிரம்ஸ்காரன். "கேட்டியளா, தாளம்கூட தப்பல."

"சும்மா கெடலே," என்றான் கிட்டார்காரன். அவனுக்கும் சிரிப்பு.

மகள் சிரிக்கவில்லை. என்னை வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்தினாள்.

"நீ இங்க நிக்கிறது எனக்குத் தெரியும். ஒவ்வொரு வாட்டியும் தெரியும். நீ பயப்படுவியேன்னு நான் நேரத்துக்கு முந்தியே கம்பிய அடிச்சிருதேன். அந்தச் சத்தமில்லாத எடத்துல பொறுக்கணும்மா. பொறுக்கலன்னா இது பாட்டே இல்ல."

"எனக்குப் பயமா இருக்கு மக்களே."

"எனக்கும்தான். கல்யாணத்துல அந்தப் பயத்த வெச்சுக்கிட்டு சிரிச்சிட்டே வாசிக்கணும். இங்க சிரிக்க வேண்டாம்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த வாரம் நீ குழித்துறைக்குப் போ. மீன் வாங்கிட்டு இருட்டினப்புறம் வா. போன் பண்ணாத."

நோய்ப் படுக்கையிலிருந்து எழுந்தபிறகு அவள் என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை.

போனேன். சந்தையில் சாளை மீன் கூடைக்கு முன்னால் போனும் கையுமாக நின்றேன்.

"என்ன டீச்சர், மீனப் பாக்காம போனயே பாக்கிய? மக வெளிநாட்டுலயா?" என்றாள் மீன்காரி.

"வீட்லதான்."

"வீட்ல இருக்க பிள்ளைக்கா இந்தப் பாடு?"

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, கேட்ட விலையைக் கொடுத்தேன். அவள் சொன்ன நேரத்துக்கு முந்தியே திரும்பிவிட்டேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே விளைக்குள்ளிருந்து அடி கேட்டது. நேரே புரைக்குப் போகவில்லை. அடுக்களைக்குப் பின்னால் சட்டியை வைத்து மீன் கழுவ உட்கார்ந்தேன்.

ஓர் அடி விழுந்தது. சட்டித் தண்ணீர் நடுங்கியது. பிறகு ஒன்றும் இல்லை. ஒரு சாளையின் தலையைக் கிள்ளி, குடலை எடுத்தேன். இன்னும் ஒன்றும் இல்லை. மரங்களுக்கு நடுவே புரையின் கூரை தெரிந்தது. என் முட்டி தானாகவே பாதி எழுந்துவிட்டது. உட்கார்ந்தேன். கையில் இருந்த மீன் வழுக்கியது, அழுத்திப் பிடித்தேன்.

அடி இன்னும் விழவில்லை. அடுத்த மீனை எடுத்தேன்.