படிக்கத் தெரியும் என்று எழுத மறுத்தவர்

சரோஜா டீச்சர் இறந்த செய்தி எங்கள் ஒன்றிய ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. அதற்கு மேலே, 'மூன்றாம் வகுப்பு மதிப்பீட்டை இன்று மாலைக்குள் பதிவேற்றவும்' என்ற உத்தரவு. கீழே, பதிவேற்றாத பள்ளிகளின் பட்டியல். அதில் அவருடைய பள்ளியும் இருந்தது. காலையில் மாரடைப்பில் போனவரிடம் மாலைக்குள் மதிப்பீடு கேட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

சூளகிரிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் நாங்கள் அடுத்தடுத்த வகுப்பறைகளில் இருந்தோம். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஒருமுறை, அவர் வகுப்புப் பிள்ளைகளைச் சோதிக்க வந்த ஒருவர் கைப்பேசியில் பசுவின் படத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். வீட்டில் தெலுங்கு பேசும் நாகவேணி, "ஆவு" என்றாள். அவர் 'தவறு' என்று தட்டினார்.

"சார், அதுக்கு மாடு தெரியுதான்னு பாக்கறீங்களா, தமிழ் தெரியுதான்னு பாக்கறீங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"ஆப்புல பசுன்னுதான் இருக்குது மேடம்."

"தமிழ்லயும் ஆன்னா பசுதாங்க சார்."

அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நாகவேணி அதன்பின் வாயே திறக்கவில்லை. மீதி விடைகளும் தவறு என்றே பதிவாயின. டீச்சர் அவளிடம் தெலுங்கில் கதை கேட்டுக் கேட்டு, அதையே தமிழில் எழுதவைத்தார். ஆண்டு முடிவதற்குள் அவள் பாடப்புத்தகத்தைத் தானாகவே வாசித்தாள்.

அடுத்த ஆண்டு எங்கள் ஒன்றியம் பின்தங்கிவிட்டது என்று கூட்டம் போட்டார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் 'வாசிக்கிறார்' என்று பதியச் சொன்னார் அதிகாரி. பதிந்தோம். எழுத்துக்கூட்டவும் தெரியாத ஏழு பேருக்கு நானும் அப்படியே பதிந்தேன். சரோஜா டீச்சர் மட்டும் எழுந்து நின்றார்.

"படிக்கத் தெரியும்னு நான் எழுதிட்டா, அப்புறம் அதுக்கு யாருங்க சார் சொல்லிக் குடுப்பாங்க?"

"உங்க ஒருத்தராலதான் ஒன்றியமே கீழ நிக்குது."

முதலில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பிறகு 'நிர்வாகக் காரணம்' என்று ஒரு வரி எழுதி, நாட்றாம்பாளையத்துக்கும் அப்பால் ஒரு மலைப்பள்ளிக்கு மாற்றினார்கள். கூட்டத்தில் இருந்த எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பீரோவைக் காலி செய்த அன்று அவர் என்னிடம் சொன்னார்: "நீங்க வருத்தப்படாதீங்க டீச்சர். அந்த ஏழு பேர மட்டும் விட்ராதீங்க." நான் விட்டுவிட்டேன். அவர்களில் ஐந்து பேர் தங்கள் பெயரைப் பிழையில்லாமல் எழுதத் தெரியாமலே எங்கள் பள்ளியைவிட்டுப் போனார்கள். கைப்பேசிப் பதிவில் மட்டும் அவர்கள் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அஞ்சலிக் கூட்டத்துக்கு அதே அதிகாரி மாலையோடு வந்தார். "அர்ப்பணிப்பின் உருவம்" என்றார். நான் எழுந்து, "அப்புறம் ஏன் சார் மலைக்கு அனுப்புனீங்க?" என்று கேட்டேன். மைக்கை வேறொருவர் வாங்கிக்கொண்டார். சரோஜா டீச்சரைத் தெரிந்த ஒன்றிய ஆசிரியர்களே, நீங்கள் பலரும் அங்கே இருந்தீர்கள். தலையைக் குனிந்துகொண்டீர்கள். உங்களைக் குறைசொல்லும் தகுதி எனக்கு இல்லை.

இந்தப் பருவம் என் வகுப்பில் ஒன்பது பேருக்கு 'வாசிக்கவில்லை' என்று பதிந்தேன். அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது.

"மாத்திடுங்க டீச்சர்."

"மாத்தறேன் சார். சொல்லிக் குடுத்துட்டு மாத்தறேன்."

சரோஜா டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, காலம் கடந்து வந்த இந்தப் பிடிவாதம்தான்.