காஸ்டிக் கொட்டகையில் பெரியவள்

வீட்டுக்கு மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் பெரியவள். அப்பா போன பிறகு குடும்பப் பாரமும் அவள் தலையில்தான் விழுந்தது. தாய்மாமாவின் கொட்டகையில் சாக்கடை அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாவை டப்பாவில் அடைக்கும் வேலை. வெள்ளைச் செதில்கள், பார்க்கப் பரம சாது.

"காய்ஞ்சு கிடந்தா அது ஒண்ணும் பண்ணாது. தண்ணி பட்டாத்தான் எரியும்," என்பார் மாமா.

ஒருநாள் மூட்டையைப் பிரிக்கும்போது செதில் ஒன்று தெறித்து வலது கண்ணில் விழுந்தது. துடித்துப்போய்க் குழாய்க்கு ஓடினாள். மாமா கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"தண்ணி ஊத்தாதே, இன்னும் எரியும்." தோள் துண்டால் கண்ணைத் துடைத்தபடியே ஆட்டோவில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் பாட்டில் பாட்டிலாக உப்புநீர் விட்டுக் கழுவினார்கள். டாக்டரம்மா பெருமூச்சு விட்டார்.

"காய்ஞ்ச செதில்ல அயனியெல்லாம் ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிச்சிட்டு இருக்கும்மா. ஈரம் பட்டதும் பிரிஞ்சிடும். சமையல் சோடான்னா தண்ணியில கொஞ்சம் காரத்தன்மைதான் வரும். இது அப்படியில்ல, கரைஞ்சது அத்தனையும் பிரிஞ்சு, ஹைட்ராக்சைடு அயனி சதையை அரிச்சிடும். கண்ணு எப்பவுமே ஈரம்தானே, அந்த ஈரமே போதும். உடனே குழாயைத் திறந்து விட்டிருந்தா அடிச்சிட்டுப் போயிருக்கும். ஏன் கழுவல?"

மாமா முந்திக்கொண்டார். "பதட்டத்துல கண்ணைக் கசக்கிட்டா டாக்டர்."

பெரியவள் வாயைத் திறந்தாள். அம்மா அவள் கையை அழுத்தினாள். வலது கண்ணில் பார்வை திரும்பவில்லை.

ஆறின புண்ணைக் கிளறுவதுபோல மாமா ஒருநாள் வீட்டுக்கு வந்தார். காலியான இடத்துக்குத் தங்கை சின்னவளை அனுப்பச் சொன்னார். அன்றைக்குத்தான் பெரியவள் பேசினாள்.

"கழுவ ஓடினவளை இழுத்துப் பிடிச்சது நீங்கதான் மாமா. உங்க துண்டுதான் என் கண்ணைத் துடைச்சுது."

மாமா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

"ஆதரவுக்கு இருந்த ஒருத்தனையும் விரட்டிட்டே," என்றாள் அம்மா. அன்று பெரியவளுக்குச் சோறு போட்டது சின்னவள்தான்.

இரண்டு வாரத்தில் அம்மாவே போய்த் தன் தம்பியைச் சமாதானப்படுத்திவிட்டு வந்தாள். சின்னவள் வேலைக்குக் கிளம்பினாள். அவள் பையில் புத்தம்புதுப் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று இருந்தது.

"மாமா வாங்கிக் கொடுத்தாருக்கா," என்றாள்.

"பாத்தியா, என் தம்பிக்கு எவ்வளவு அக்கறை," என்றாள் அம்மா.

பெரியவள் கண்ணாடியை வாங்கித் தங்கையின் முகத்தில் மாட்டி, பின்பட்டையை இறுக்கிவிட்டாள்.

"எது விழுந்தாலும் குழாய்க்கு ஓடு. யார் கையைப் பிடிச்சாலும் உதறிட்டு ஓடு."

"நான் ஜாக்கிரதையா இருப்பேன்க்கா," என்று சின்னவள் செருப்பை மாட்டினாள். 'உன்னைப்போல் இல்லாமல்' என்று அவள் சொல்லவில்லை, சொன்னதுபோல்தான் இருந்தது.