கொடிக்கம்பியில் எரிந்த விளக்கு

கக்கூசுக்குப் போகிற வழியில் ஒரு விளக்கு வேண்டும் என்று எங்கள் வீட்டில் அழுது அடம்பிடித்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் தோட்டத்துக்குள் வீடு. கக்கூசு பின்பக்கம் முப்பது தப்படி தள்ளி இருந்தது. அந்த வழியில் அப்பா ஒரு கட்டுவிரியனை அடித்துப் போட்டதைக் கண்ணால் பார்த்திருந்தேன். அதன் சொந்தக்காரர்கள் எல்லாரும் அங்கேயேதான் குடியிருக்கிறார்கள் என்று உறுதியாக நம்பினேன். பொழுது சாய்ந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட அவசரத்தையும் அடக்கிக்கொண்டு படுத்துவிடுவேன்.

விளக்குப் போட வந்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. சங்ககிரியில் லாரிகளுக்கு வயரிங் செய்கிற பட்டறையில் அவருக்கு வேலை. அவர் கை வைத்த லாரி காஷ்மீர் வரை போனாலும் பல்பு அணையாது என்று அம்மா பெருமை பேசுவாள். அப்பாவுக்கு அந்தப் பேச்சு ஆகாது. "உன்ற தம்பி லாரிக்கு லைட்டுப் போடுவான். ஊட்டுக்குப் போடுவானா?" என்று கேட்டுவிட்டு மில்லுக்குக் கிளம்பிப் போனார்.

சமையலறைச் சுவரிலிருந்து கக்கூசு ஓரத்துக் கல்லுக்கால் வரைக்கும் துணி காயப்போடும் கொடிக்கம்பி ஒன்று ஏற்கெனவே கட்டியிருந்தது. மாமா அதைச் சுண்டிப் பார்த்தார். "இன்னொரு வயரு எதுக்குக்கா? லாரியில ஒத்த வயருதான் ஓடும். கரண்டு லாரியோட இரும்பு பாடியிலயே திரும்பிக்கும். இங்க இந்தக் கம்பி இருக்குதில்ல, போதும்" என்றார். சொன்னபடியே சுவிட்சிலிருந்து ஒற்றை வயரை இழுத்துக் கல்லுக்காலில் பல்பை மாட்டினார். பல்பின் இன்னொரு முனையைக் கொடிக்கம்பியில் முறுக்கி, கம்பியின் இந்தக் கோடியைச் சமையலறை பிளக்கில் சேர்த்துவிட்டார்.

லாரி பேட்டரியின் கம்பியை வெறுங்கையால் பிடித்தாலும் ஒன்றும் ஆகாது. வீட்டு மின்சாரத்துக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. போதாக்குறைக்கு, பிளக்கின் இரண்டு ஓட்டைகளில் எதில் மின்சாரம் வருகிறது என்று பார்க்காமல், சுவிட்சுக்குப் போக வேண்டியதைக் கம்பிக்கும் கம்பிக்குப் போக வேண்டியதைச் சுவிட்சுக்குமாக மாற்றிக் கொடுத்திருந்தார். அதனால் சுவிட்சை அணைத்தாலும் கொடிக்கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருந்தது. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு விளக்கு எரிந்தது. மாமா கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனார். அப்பாவே "பரவால்ல" என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, காய்ந்திருந்த என் பாவாடையை எடுக்கக் கம்பியில் கை வைத்தேன். சுருக்கென்றது. எறும்பு என்று நினைத்து இன்னொரு தடவை தொட்டேன். முழங்கை வரை ஏறியது. காலில் செருப்பு இருந்ததால் அதோடு விட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், டிரான்ஸ்பார்மரில் ஒரு காக்கை சிறகை விரித்தபடி கருகித் தொங்கியதைச் சில நாள் முன்புதான் பார்த்திருந்தேன். பாவாடையைக் கம்பியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினேன்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொன்னால் விளக்கைக் கழற்றிவிடுவார்கள். விரியனின் சொந்தக்காரர்கள் பழையபடி வழியில் வந்து படுத்துக்கொள்வார்கள். ஆகவே வாயை மூடிக்கொண்டேன். அம்மா வாசலில் செருப்புப் போடுகிறவள் இல்லை. பகலில் ஈரத்துணியும் ஈரக்காலுமாக அவள் அந்தக் கம்பிக்குக் கீழே நிற்பாளே என்ற நினைப்பு வகுப்பில் என்னைப் பிடுங்கித் தின்றது. மணி அடித்ததும் ஓடிவருவேன். வேலியோரம் நின்று, சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பேன். கேட்ட பிறகுதான் மூச்சு வரும்.

வீட்டிலிருக்கும் நேரத்திலாவது துணியை நானே எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். விநோதமாக, அம்மா அதற்கு விடவே இல்லை.

"நீ கம்பிப் பக்கம் வராத சாமி. போய்ப் படி. நானே எடுத்துக்கறேன்."

"இல்லம்மா, நான் எடுக்கறேன். நீங்க உள்ள போங்க."

இப்படி மூன்று நாள் இருவரும் ஒரு வேலைக்காக மல்லுக்கு நின்றோம். அம்மாவுக்கு என் படிப்பின் மேல் திடீரென்று அக்கறை வந்துவிட்டது என்று நினைத்தேன். அப்பா எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

நாலாம் நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அப்பா வீட்டில் இருந்தார். கம்பியில் அவருடைய மில் சட்டைகள் நனைந்துகொண்டிருந்தன. "என்ற செருப்பு எங்க?" என்று வாசற்படியில் தேடினார். காணவில்லை. வெறுங்காலோடு சேற்றில் இறங்கிப் போய்க் கையைத் தூக்கினார்.

"அப்பா, தொடாதீங்க."

"ஏனுங்க, கம்பியத் தொடாதீங்க."

இரண்டு குரலும் ஒரே நேரத்தில் வந்தன. அப்பாவின் கை கம்பிக்கு ஒரு சாண் கீழே நின்றது. சமையலறைப் பக்கமிருந்து ஓடிவந்த அம்மா அவருடைய தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அப்பாவின் ரப்பர் செருப்பு அவள் காலில் கிடந்தது.

அவளுக்கும் முதல் நாளே, விரல் நுனி பட்டதுமே சுருக்கென்றிருக்கிறது. அப்பா வாயில் தம்பி விழுந்துவிடக் கூடாதே என்று மறைத்திருக்கிறாள். மாமாவுக்குப் போன் செய்து சத்தமில்லாமல் கூப்பிட்டிருக்கிறாள். அவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை எங்கள் இருவரையும் கம்பியின் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

அப்பா உள்ளே போய் மெயினை அணைத்தார். அவ்வளவு ஏசுகிற மனிதர் அன்றைக்கு ஏசாமல் இருந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அம்மா மழையிலேயே துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள். என்னைப் பக்கத்தில் இழுத்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும் சாமி?"

"திங்கக்கிழமையே."

"தொட்டியா?"

"ரெண்டு தடவ."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அம்மா என் வலது கையைப் பிரித்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்து அமுக்கிப் பார்த்தாள். ஐந்தையும் பார்த்து முடித்துவிட்டு மறுபடியும் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தாள். நகத்தில் அழுக்கு இருக்கிறதா என்று பார்க்கிறாள் போல என்று நினைத்தேன். விளக்கு போய்விடுமே என்று நான் அழுதேன். அம்மாவும் அழுதாள். அவளும் விளக்குக்காகத்தான் அழுகிறாள் என்று எண்ணி, "மாமா வந்து வேற போட்டுக் குடுப்பாரும்மா" என்று அவளைத் தேற்றினேன்.